பெர்ரிச் சரிவில், பின் சீட்டில் நான்

மழை அப்போதுதான் விட்டிருந்தது. பட்டர்வொர்த் பெர்ரித் துறையின் இரும்புச் சரிவு முழுக்க ஈரம். கடல் நீர் வற்றிய நேரம் வேறு, அதனால் சரிவு வழக்கத்தைவிடச் செங்குத்தாக இறங்கியது. முன்னாலும் பின்னாலும் மோட்டார் சைக்கிள்கள், எல்லாம் உறுமிக்கொண்டு கதவு திறக்கக் காத்திருந்தன. புகையும் கடல் உப்பும் நனைந்த மழைக்கோட்டும் கலந்த வாசனை மூக்கை அடைத்தது.

நான் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். என் சொந்த மோட்டாரில் நான் பின்னால் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. முன்னால் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்திருந்தவர் என் வீட்டுக்காரர் அருளப்பன். அந்தக் குளிரிலும் அவருக்குக் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே சரிவில்தான் அவர் விழுந்தார். அன்றைக்கு மோட்டாரை விட்டவர், அண்மைக்காலம் வரைக்கும் தொடவே இல்லை. இப்போது பெர்ரிக் கப்பலில் கடந்து போகிற தீவில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. ஜார்ஜ்டவுனில் கிளினிக் கிளினிக்காகப் போய் இரத்த மாதிரிகளை வாங்கிப் பரிசோதனைக் கூடத்தில் சேர்க்கிற வேலை. மோட்டார் ஓட்டுகிறவருக்குத்தான் அந்த வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். அன்று சனிக்கிழமை.

"இன்னிக்கு இந்தச் சரிவுல எறங்க முடியலைன்னா, அவங்களுக்குப் போன் போட்டு வேலை வேணாம்னு சொல்லிடுவேன். அப்புறம் மோட்டார் பேச்சே எடுக்கக் கூடாது" என்று வீட்டிலேயே சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். சரி என்று தலையாட்டினேன். தலைதான் ஆடியது. பேசாமல் இருக்கிற வாயா என் வாய்?

கதவு திறப்பதற்குள் என் மோட்டாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

சீக்கு இல்லாத மோட்டார் ஏது?

நான் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறேன். எங்கள் பகுதிப் பெண்கள் பெரும்பாலும் கப்சாய் என்று சொல்கிற, கிளட்ச் பிடியே இல்லாத சின்ன மோட்டார் ஓட்டுவார்கள், இல்லாவிட்டால் ஸ்கூட்டர். நான் ஒருத்திதான் கிளட்ச் மோட்டார். பழைய மோட்டார்தான், ஆனால் என் மோட்டார். பெண்பிள்ளைக்கு எதற்கு இது என்று கேட்டவர்களையெல்லாம் ஜூரு சாலைச் சந்திப்பில் பின்னால் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

ஷிப்ட் மாறும் நேரத்தில் எங்கள் தொழிற்சாலையில் மோட்டார் கைமாறுவது சகஜம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி ஓடுவாள், வங்கி மூடப் போகிறது என்று இன்னொருத்தி. யார் கேட்டாலும் சாவி கிடைக்கும். ஆனால் சாவியை மட்டும் தர மாட்டோம், மோட்டாரின் சீக்கையும் சொல்லித்தான் தருவோம். சொல்லாமல் கொடுத்து, வாங்கினவர் விழுந்துவிட்டால், விழுந்தவரை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கொடுத்தவரைத்தான் கேண்டீனில் உட்கார வைத்து வறுத்தெடுப்பார்கள்.

ஒரு மோட்டாருக்கு நியூட்ரல் விழாது. சிவப்பு விளக்கில் நின்ற பிறகு என்னதான் மிதித்தாலும் முதல் கியருக்கும் இரண்டுக்கும் தாவுமே தவிர நடுவில் நிற்காது. உருண்டுகொண்டிருக்கும்போதே தட்டிவிட வேண்டும். இன்னொன்றுக்கு மழை பெய்த மறுநாள் காலையில் பின் பிரேக் கிறீச்சென்று கத்தி, வெடுக்கென்று பிடிக்கும். வாசலிலேயே நாலு மிதி மிதித்து ஈரத்தை விரட்டிவிட்டுத்தான் ரோட்டில் ஏற வேண்டும். இதெல்லாம் ஓட்டுகிறவர்களுக்குப் பழகிப்போன விஷயம். சொந்தப் பிள்ளையின் அடம் மாதிரி, அவரவருக்குத்தான் தெரியும்.

என் மோட்டாருக்கு இரண்டு சீக்கு. கிளட்ச் கடைசியில்தான் பிடிக்கும். பிடியைப் பாதிக்கு மேல் சும்மா விட்டுவிடலாம், ஒன்றும் ஆகாது. கடைசி விரற்கடையில்தான் வண்டி நகரும், அங்கேதான் பொறுமை வேண்டும். அடுத்தது முன் பிரேக். முதல் அமுக்கு வெறும் காற்று. இரண்டாவது அமுக்குதான் பிரேக். நான் எப்போதும் 'டக், டக்' என்று இரண்டாகத்தான் அமுக்குவேன்.

ஒரு தடவை சாந்தி சாவி கேட்டாள். அவள் ஸ்கூட்டர்க்காரி. இரண்டு சீக்கையும் விளக்கமாகச் சொல்லி அனுப்பினேன். தொழிற்சாலை வாசலில் லாரி ஒன்று குறுக்கே வந்ததும், ஸ்கூட்டர் பழக்கத்தில் பிரேக் என்று நினைத்து இடது கையை இறுக்கிவிட்டாள். இடது கையில் இருப்பது கிளட்ச் ஆயிற்றே! பிடிப்பு விட்டுப்போன மோட்டார் சொகுசாக உருண்டு போய்க் காவலாளியின் நாற்காலியில் முட்டி நின்றது. நல்ல வேளை, அவர் அதில் இல்லை. "மோட்டாருக்கு இருக்கற சீக்கைச் சொன்னேன், உனக்கு இருக்கற சீக்கு எனக்கு எப்படிடி தெரியும்?" என்று கேட்டேன். கேண்டீனில் அன்று எனக்குத் தண்டனை இல்லை.

அவர் விழுந்தது

அருளப்பன் அப்போது கப்சாய் வைத்திருந்தார். தீவில் வேலை, தினமும் பெர்ரி. அன்றும் இப்படித்தான் மழை விட்ட நேரம். சரிவில் இறங்கும்போது முன்னால் போனவர் நின்றார். இவர் பயந்து முன் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்தார். ஈர இரும்பில் முன் சக்கரம் நின்றால் அவ்வளவுதான், மோட்டார் காலுக்கடியில் இருந்து காணாமல் போகும். இவர் விழுந்தார், பின்னால் வந்த மோட்டார் இவர் கணுக்காலில் ஏறியது.

கால் சரியாகிவிட்டது. மனுஷன் சரியாகவில்லை. கப்சாயை விற்றார், தீவு வேலையை விட்டார், எங்கள் வீடு இருக்கிற பாகான் டாலாமுக்குப் பக்கத்திலேயே ஒரு கிடங்கில் வாசல் காவலுக்குச் சேர்ந்தார். நான்தான் தினமும் வேலைக்குப் போகும் வழியில் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவேன். அவர் ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பூசைக்குப் போகிற பிள்ளை மாதிரி வருவார். அதைப் பார்க்கத்தான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். ஒரு காலத்தில் இந்த மனுஷன் ஈப்போவரை மோட்டாரிலேயே போய்விட்டு வந்தவர்.

பிறகு அந்தக் கிடங்கையும் மூடிவிட்டார்கள். இந்த இரத்த மாதிரி வேலை வந்தது. "போறேன்" என்றார். எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகமே வந்துவிட்டது. மோட்டாரை அவர் எடுத்துக்கொள்வார், நான் தொழிற்சாலை பஸ்ஸில் போய்க்கொள்வேன் என்று முடிவானது.

"தீவுக்குப் பாலத்துல போங்களேன், சுத்துன்னாலும் பரவால்ல" என்றும் சொல்லிப் பார்த்தேன். "அந்தச் சரிவுல எறங்க முடியலைன்னா நான் எங்கயுமே ஓட்ட மாட்டேன் ஜெசி" என்றார்.

குணா கடையில்

சரி, விஷயத்தை ஒழுங்காகச் செய்வோம் என்று மோட்டாரைக் குணா கடையில் விட்டேன். எங்கள் ஊரில் மோட்டார் பழுது பார்ப்பவரை ஃபோர்மேன் என்றுதான் சொல்வோம். ஃபோர்மேன் குணாவுக்கு என் மோட்டாரின் மீது பல நாளாகவே ஒரு கண்.

"கிளட்ச் தகடு எல்லாம் தேஞ்சு போச்சுக்கா. பிரேக் எண்ணெய்ல காத்து இருக்கு. இதையா இத்தனை நாளு ஓட்டினீங்க?"

"நல்லாத்தான்லா ஓடுச்சு."

"ஓடுச்சு ஓடுச்சு. ஆண்டவர் கூடவே உக்காந்து வந்திருப்பார்."

தகடு புதிது, பிரேக் எண்ணெய் புதிது, காற்று வெளியேற்றம், எல்லாம் ஆனது. கிளட்ச் இப்போது நடுவிலேயே நன்றாகப் பிடித்தது. முன் பிரேக் முதல் அமுக்கிலேயே கேட்டது. கடைக்காரர் கையில் இருந்து வந்த புது மோட்டார் மாதிரி இருந்தது. கணவருக்குக் கொடுப்பதற்கு இதைவிட நல்ல பரிசு எது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு ஓட்டி வந்தேன். வழியில் நானே ஒரு விளக்கில் இஞ்சினை அணைத்துவிட்டேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

திடலில்

எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு திடல் இருக்கிறது. மாலையில் அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். சாவியை நீட்டி, பழக்க தோஷத்தில், "இந்த மோட்டாருக்கு…" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். கிளட்ச் கடைசியில பிடிக்கும். முன் பிரேக்கை ரெண்டு தடவை அமுக்கணும். நீ கோவமா இருந்தா கிளட்சைச் சீக்கிரம் விட்டுடுவ, அன்னிக்கு சீட்டு முன்னால தள்ளும்" என்றார்.

"அதெல்லாம் போச்சு. எல்லாத்தையும் சரி பண்ணியாச்சு" என்றேன் பெருமையாக.

அவர் ஏறி உட்கார்ந்தார். கியரைப் போட்டு, கிளட்சை விட்டார். மோட்டார் தவளை மாதிரி ஒரு தாவு தாவி அணைந்துபோனது. மறுபடி. மறுபடியும் அதே தாவல். நான் ஓரத்தில் நின்று, "மெதுவா விடுங்க! மெதுவா!" என்று கத்தினேன். பந்து விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் விளையாட்டை நிறுத்திவிட்டார்கள். அருளப்பன் இறங்கி, ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, என்னிடம் நடந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"இது உன் மோட்டாரே இல்ல ஜெசி. எதுக்கு இதை மாத்தின?"

"மாத்தினேனா? சரி பண்ணி வெச்சா குத்தமா? உங்களுக்காகத்தானே செஞ்சேன்!"

"ரெண்டு வருசமா உன் பின்னால உக்காந்து தூங்கிட்டா வந்தேன்? என் இடது கை மடியிலதான் இருக்கும். ஆனா நீ ஒவ்வொரு விளக்குலயும் கிளட்ச் விடறப்ப, அதுவும் கூடவே விடும். எந்த எடத்துல பிடிக்கும்னு அதுக்குத் தெரியும். அந்தத் தைரியத்துலதான் இந்த வேலைக்கே சரின்னு சொன்னேன்."

பின்னால் சிலையாக உட்கார்ந்து வருகிறார் என்றுதானே நினைத்தேன்! இரண்டு வருடமாக இந்த மனுஷன் என் பின்னால் உட்கார்ந்து மோட்டார் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பது வேறு விஷயம். அன்றைக்கே பிடித்து முன் சீட்டில் உட்கார வைத்திருப்பேன், அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை போலிருக்கிறது.

மறுநாள் விடிந்ததும் குணா கடைக்குப் போனேன்.

"பழைய மாதிரியே ஆக்கிக் குடு."

"என்னாது?"

"கிளட்ச் கடைசியில பிடிக்கணும். முன் பிரேக்…"

"அக்கா, காலையில சாப்டீங்களா இல்லையா?"

விஷயத்தைச் சொன்னேன். கேலி செய்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான். "தகடு புதுசாவே இருக்கட்டும். கேபிளை இழுத்து வெச்சுத் தரேன், கடைசியில பிடிக்கும். ஆனா துளி தளர்வு விட்டுத்தான் வெப்பேன், இல்லாட்டி தகடு எரிஞ்சிடும். பிரேக்கு மட்டும் கேக்காதீங்க. கிளட்ச் உங்க இஷ்டம், பிரேக்கு என் இஷ்டம்."

கேபிளைத் திருகுவான், நான் ஏறி உட்கார்ந்து விட்டுப் பார்த்து இன்னும் கொஞ்சம் என்பேன், மறுபடி திருகுவான். கடைக்கு வந்த ஒரு சீனப் பெரியவர், நல்ல கிளட்சைக் கெடுக்கச் சொல்லி வாடிக்கையாளரே நிற்பதை வேடிக்கை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே போனார். கடைசியில் என் இடது கைக்கு அது என் பழைய மோட்டார் என்று தெரிந்தது.

அன்று மாலை திடலில் அருளப்பன் கிளட்சை விட்டார். மோட்டார் அணையவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி நகர்ந்தது. முன் பிரேக்குக்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பயந்தால் கை தானாக மூடிக்கொள்ளும் அல்லவா? அதனால் வலது கையின் விரல்களை முன் பிரேக்கின் மீது வைக்கவே மாட்டார், கைப்பிடியைச் சுற்றி மடக்கியே வைத்திருப்பார். நிறுத்துவதெல்லாம் வலது காலால், பின் பிரேக்கில். வேண்டுமென்றால் மட்டும், யோசித்து, இரண்டு விரலை எடுத்து முன்னால் வைப்பார். அந்த வாரம் முழுக்கத் திடலிலும், பிறகு குடியிருப்பைச் சுற்றியும் ஓட்டினார். அடுத்தது இந்தச் சரிவுதான்.

மறுபடி சரிவில்

கதவு திறந்தது. எல்லா மோட்டார்களும் ஒரே சமயத்தில் அசைந்தன.

சரிவில் இறங்கும்போது பயந்தவர்கள் செய்கிற முதல் தப்பு கிளட்சைப் பிடிப்பது. பிடித்தால் இஞ்சின் கைவிட்டுவிடும், மோட்டார் தன்பாட்டுக்கு உருளும். முதல் கியரில் கிளட்சை முழுக்க விட்டுவிட்டால் இஞ்சினே பாதி பிரேக் போட்டுக்கொள்ளும். இதையெல்லாம் அவர் காதில் கத்த வேண்டும்போல் இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்துக்கொண்டேன், பிறகு இரண்டு நாள் வலித்தது.

பாதிச் சரிவு வரைக்கும் நன்றாகத்தான் இறங்கினார். அப்போது முன்னால் போனவரின் மழைக்கோட்டு நுனி பின் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. அவர் சட்டென்று நின்றார். அவர் மட்டுமா, அவருக்குப் பின்னால் வந்த எல்லோரும் நிற்க வேண்டியதாயிற்று.

எனக்கு உயிரே போய்விட்டது. எட்டி என் வீட்டுக்காரரின் வலது கையைப் பார்த்தேன். விரல்கள் துடித்தன. துடித்தனவே தவிர, விரியவில்லை. கைப்பிடியை விட்டு ஒரு விரல்கூட முன் பிரேக்கின் பக்கம் போகவில்லை. கால் அழுந்தியது. பின் சக்கரம் ஈர இரும்பில் ஒரு சாண் வழுக்கியது, சற்று இடதுபக்கம் ஒதுங்கியது, நின்றது. நாங்களும் நின்றோம்.

பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள். "கொஞ்சம் பொறுலா!" என்று அருளப்பன் திரும்பிப் பார்க்காமலே கத்தினார். அந்தக் குரலை நான் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

மழைக்கோட்டுக்காரர் தன் கோட்டை உருவி எடுத்தார். வரிசை நகர்ந்தது. பெர்ரிக்குள் ஏறி மோட்டாரை நிறுத்திய பிறகுதான் நான் என் வலது காலைக் கவனித்தேன். பின்னால் பிரேக்கா இருக்கிறது? கால் வைக்கிற கம்பியை மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டிருந்தது.

"மூச்சு விடு, ஜெசி. நானே விட்டுட்டேன்" என்றார் அவர்.

அக்கரையில்

ஜார்ஜ்டவுன் பக்கம் சரிவு மேல்நோக்கி ஏறியது. அங்கே பாதிக் கிளட்ச், பின் பிரேக்கில் கால், மெல்ல விடுவது, எல்லாம் அவர் பாட்டுக்கு நடந்தது. துறையை விட்டு வெளியே வந்ததும், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஓரங்கட்டினார்.

"எறங்கு."

"ஏன்? என்னாச்சு? கால் வலிக்குதா?"

"எறங்குன்னு சொல்றேன்ல. ஒரு ரவுண்டு போயிட்டு வரேன். இங்கயே நில்லு."

இறங்கினேன். போய்விட்டார்.

நின்றேன். ரவுண்டு என்றால் எவ்வளவு பெரிய ரவுண்டு? தீவைச் சுற்றுகிற ரவுண்டா? வாடகை மோட்டாரில் தாறுமாறாகப் போகும் சுற்றுலாக்காரர்கள், திடீரென்று திரும்பும் ரிக்‌ஷாக்கள், பெரிய பெரிய பஸ்கள், ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றக்கூடத் தோன்றாமல் நடைபாதையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ஆளை மட்டும் கொண்டுவந்து சேர்த்துவிடு ஆண்டவரே என்று வேண்டிக்கொண்டேன். திரும்பி வரட்டும், இருக்கிறது என்றும் சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?" என்று கத்தினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் விலகி நின்றார்கள்.

"வீட்ல."

"எந்த வீட்ல?"

"நமக்கு எத்தனை வீடு இருக்கு? பாகான் டாலாம்லதான். பெர்ரில ஏறினேன், எறங்கினேன், வந்துட்டேன். மோட்டாரைக் கீழ நிறுத்திட்டு இப்பதான் மேல ஏறினேன்."

"என்னை இங்க விட்டுட்டா?"

"நீ பின்னால இருந்தா அந்தக் கம்பியை மிதிக்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு ஜெசி. திங்கக்கிழமை நீ வரப் போறதில்லையே. தனியா எறங்கிப் பாக்கணும்ல?"

திட்டினேன். நன்றாகத் திட்டினேன், என் கைவசம் இருந்த எல்லாத் திட்டும் தீரும்வரைக்கும். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சோறு வெச்சிடவா?" என்றார். போனை வைத்துவிட்டு ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன். உள்ளே அழுதால் யாருக்கும் தெரியாது. சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனாலும் அழுகை நிற்க நேரமானது.

பிறகு நடந்து போகிறவர்களின் வரிசையில் போய் நின்றேன். பைகளோடு மாணவர்கள், காய்கறிக் கூடையோடு பெண்கள், அவர்களுக்கு நடுவில் ஹெல்மெட்டும், மோட்டார் ஓட்டுகிறவர்கள் காற்றுக்காக முன்பின்னாகத் திருப்பிப் போடுகிற ஜாக்கெட்டுமாக நான். வாசலில் நின்ற மலாய்க்கார ஊழியர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அக்கா, மோட்டார் எங்கே என்று மலாயில் கேட்டார்.

எனக்கு மலாய் நன்றாகவே வரும். ஆனால் அன்று வாயில் தமிழ்தான் வந்தது, அதுவும் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.

"என் வீட்டுக்காரர் ஓட்டிட்டுப் போயிட்டாரு! தனியா!"